ஜெயக்கொடி அவித்த பயறு

"கால்விரலை எடுத்தது பெரிசில்லம்மா. எடுத்த இடம் ஆறணும். ஆறலைன்னா அடுத்து பாதத்தை எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர் தமிழ்வாணி.

ஜெயக்கொடி தலையை ஆட்டினாள். பாதத்துக்கு அடுத்தது முழங்கால் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணவனின் அண்ணன் பேயாண்டிக்கு அப்படித்தான் நடந்தது. முதலில் கட்டைவிரல் போனது. பிறகு பாதி பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். கடைசியில் கட்டிலோடு கிடந்து, போன வருசம் தைப் பொங்கலுக்கு முன்னால் செத்தும் போனார். அவர் உடம்பைக் குளிப்பாட்டியபோது தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் ஜெயக்கொடி. வேட்டிக்குக் கீழே ஒரு கால் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"சோத்தை அடியோட விடச் சொல்லலை" என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "குவிச்சு வச்சுச் சாப்பிடுறதை விடச் சொல்றேன். தட்டுல பாதி காய். ஒரு கரண்டி சோறு. மிச்ச இடத்துல பயறு. மொச்சை, தட்டப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, எது கிடைக்குதோ அது. சோறு சட்டுனு சீனியா மாறி ரத்தத்துல ஏறிடும். பயறு மெதுவா செரிக்கும், பசியும் தாங்கும். இவருக்குக் கிட்னி நல்லா இருக்கு, அதனால பயப்படாமக் குடுக்கலாம்."

கட்டிலில் படுத்திருந்த அவள் கணவன் அழகுபாண்டி அதைக் கேட்டுச் சிரித்தான். "கொள்ளையும் பயறையும் மாட்டுக்கு வைக்கிறோம் டாக்டரம்மா. மனுசனுக்குச் சோறுதான்."

டாக்டர் கட்டுப்போட்ட இடது காலை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். ஆனால் ஜெயக்கொடி அந்தப் பேச்சில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டாள். சோறு விஷம், பயறு மருந்து. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் அவள் மனதுக்குள் அது மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

அழகுபாண்டியிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருந்தது. உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மல்லிகையும் சம்பங்கியும் ஏற்றிக்கொண்டு, விடியும் நேரத்தில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இறக்குவது அவன் தொழில். நாற்பத்தைந்து வயது. நல்ல சாப்பாட்டுக்காரன். சோற்றில் குழி பறித்துக் குழம்பு ஊற்றி, அது வழிவதற்குள் அணை கட்டி, பிசைந்து உருட்டி அவன் சாப்பிடுவதைப் பார்த்தாலே பக்கத்தில் இருப்பவனுக்குப் பசிக்கும். கல்யாணமான புதிதில் ஜெயக்கொடி அந்த அழகுக்காகவே எதிரில் உட்கார்ந்து பரிமாறுவாள்.

இப்போது அதே தட்டில் ஒரு கரண்டி சோற்றை வைத்துவிட்டு, மீதி இடமெல்லாம் மொச்சையைக் கொட்டினாள்.

"என்னாது இது?"

"மொச்சை."

"தெரியுது. சோறு எங்க?"

"அதான் வச்சிருக்கேன்ல."

"ஏ புள்ள, இது காக்காய்க்கு வைக்கிற சோறு. சட்டியை எடுத்துட்டு வா."

அவள் எடுத்து வரவில்லை. பசியில் அவன் மொச்சையைத்தான் தின்றான். சாயங்காலத்துக்குள் வயிறு கல்லாகி உப்பிக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். "காலை வெட்டுனது பத்தாதுன்னு வயித்தையும் வெடிக்க வைக்கப் பாக்குறியா?" என்று கத்தினான். மறுநாள் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

மகள் ரோகிணி மதுரையில் நர்சிங் கல்லூரியில் முதல் வருசம். ஹாஸ்டலில் இருந்து போனில் சொன்னாள்: "எடுத்த எடுப்புல அம்புட்டையும் குடுத்தா அப்படித்தாம்மா ஆகும். பழகாத வயிறு. மொத ரெண்டு கரண்டி குடு. ராத்திரியே ஊறப்போடு. ஊறுன தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணியில அவி. நல்லா நசுங்குற பதத்துக்கு வேகணும்."

ஜெயக்கொடி அப்படியே செய்தாள். பெருங்காயமும் இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டாள். தட்டப்பயறைக் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்தாள். பாசிப்பயறை முளைகட்டி வெங்காயம் போட்டு வதக்கினாள். கொள்ளை வறுத்து அரைத்துத் துவையலாக்கினாள். மொச்சையோடு கருவாடு சேர்த்து வைத்த அன்றைக்கு வாசல் வரை மணத்தது. அழகுபாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் தின்றான். வயிறு பழகிவிட்டது. ஜெயக்கொடிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் கால் ஆறவில்லை.

ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவன் மறுபடியும் வண்டி எடுத்திருந்தான். கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் ஜெயக்கொடி அந்தக் காயத்தைக் குனிந்து பார்ப்பாள். ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. கெட்ட வாடை அடித்தது. ரத்தத்தில் சீனி இறங்கவே இல்லை, ஏறியிருந்தது. டாக்டர் தமிழ்வாணி இன்சுலின் ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார். "வீட்டுல என்ன சாப்பிடுறார்?" என்று கேட்டார்.

"பயறுதாம்மா. ஒரு கரண்டிக்கு மேல சோறு வைக்கிறதில்லை. சத்தியமா."

டாக்டர் அழகுபாண்டியைப் பார்த்தார். அவன் சன்னலைப் பார்த்தான்.

உண்மையை ஜெயக்கொடிக்குச் சொன்னது சோணையம்மாள். மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருப்பவள், உசிலம்பட்டிச் சந்தையில் தற்செயலாகப் பார்த்தபோது விசாரித்தாள். "ஒன் வீட்டுக்காரருக்கு ஒடம்பு தேவலையா? நல்லாத்தான் சாப்பிடுறாரு. நல்லகாமன் கடையில தெனமும் பரோட்டா, அதுக்கு மேல ஒரு சோறு. அந்த மனுசனுக்கு இருக்குற பசிக்கு ஒண்ணும் வராது ஆத்தா, பயப்படாதே."

ஜெயக்கொடி வாங்கிய காய்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்கு அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவன் வண்டியைக் கிளப்பும்போது, பயற்றுத் தூக்குச்சட்டியோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க வார?"

"மதுரைக்கு. பூ பாக்க ஆசையா இருக்கு."

அவன் ஒன்றும் புரியாமல் ஓட்டினான். பூக்கூடைகளை இறக்கி முடித்ததும், "நீ இங்கயே இரு, டீ குடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்துக் கூட்டத்துக்குள் போனான். ஜெயக்கொடி பின்னாலேயே போனாள். நல்லகாமன் கடையில் அவன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். சொல்லாமலேயே அவன் முன்னால் இலை விழுந்தது. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றினார்கள். அவன் முதல் வாயை எடுத்தபோது ஜெயக்கொடி எதிரில் வந்து நின்றாள்.

அவள் அவனைத் திட்டத்தான் வந்திருந்தாள். ஆனால் இலையைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ உடைந்தது. கல்லாவில் இருந்த நல்லகாமனிடம் போனாள். அந்தப் பெரிய மனிதர் என்ன ஏது என்று எழுவதற்குள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவருக்குப் போடாதீங்கண்ணே! காலை வெட்டப் போறாங்க. அவர் அண்ணனுக்கும் இப்படித்தான் வெட்டி வெட்டிக் கொன்னாங்க. ஒங்க கடையில ஆயிரம் பேர் திங்கட்டும். அவருக்கு மட்டும் போடாதீங்கண்ணே!"

கடையே திரும்பிப் பார்த்தது. பரோட்டாக் கல்லில் கொத்திக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. "எந்திரிம்மா, எந்திரி. எனக்குத் தெரியாதும்மா" என்று நல்லகாமன் பதறினார். அழகுபாண்டி எழுந்தான். இலையை மடக்கவில்லை, கையைக் கழுவவில்லை. எல்லார் கண்ணும் தன் கட்டுப்போட்ட காலில் இருக்க, நொண்டிக்கொண்டே வெளியே போனான்.

ஊருக்குத் திரும்பும்போது செக்கானூரணி தாண்டும் வரை அவன் வண்டியை விரட்டினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "இனிமே நீ என்ன வைக்கிறியோ அதைத்தான் திம்பேன். மண்ணை வச்சாலும் திம்பேன். சோறுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நீயும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே."

சொன்னபடி செய்தான். அவள் வைத்ததைத் தின்றான். நிமிர்ந்து பார்க்காமல் தின்றான். அவள் தினமும் வண்டியில் கூடவே போனாள், காவலுக்கு. அவன் தடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மார்க்கெட்டில் பூ இறக்கியதும் வண்டிக்குள்ளேயே ஊசியைப் போட்டுக்கொள்வான். அவள் சட்டியைத் திறந்து நீட்டுவாள்.

அந்த மௌனம் ஜெயக்கொடியின் பயத்தை இன்னும் கூட்டியது. பேசியிருந்தால், பசிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். உள்ளூரிலேயே கட்டு மாற்றும்போது காயத்தின் ஓரத்தை மட்டும்தான் பார்த்தாள். அதில் ஒரு நூல் அகலம் சிவந்தால் சந்தோசம், கறுத்தால் அவளுக்கு அன்றைக்குத் தண்ணீர் கூட இறங்காது. ஒரு கரண்டி சோறு எதற்கு, அதுவும் விஷம்தானே என்று அதை நிறுத்தினாள். காலை இட்லியை நிறுத்தினாள். காபிக்குச் சீனி என்றைக்கோ போய்விட்டது. இப்போது வீட்டில் சீனி டப்பாவே கிடையாது. ரேஷன் அரிசியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மூன்று வேளையும் பயறும் கீரையும் காயும்தான். அவன் கன்னம் ஒட்டியது. சட்டை தொளதொளத்தது. சில நாள் அவன் கை நடுங்குவதைக் கவனித்தாள். கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மார்க்கெட்டில் நல்ல கூட்டம். முகூர்த்த நாள். வண்டிகள் வரிசையாக நின்றதால் பூ இறக்க நேரமாகிவிட்டது. அழகுபாண்டி வழக்கமான நேரத்துக்கு ஊசியைப் போட்டுக்கொண்டான். சட்டியைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிட, கூடை தூக்கப் போய்விட்டான். திரும்பி வந்து அவசரமாக நாலு வாய் பாசிப்பயறு தின்றுவிட்டு வண்டியை எடுத்தான்.

நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் அவனுக்கு வேர்த்தது. சன்னல் வழியாகக் காற்று அடித்தும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. வண்டி ரோட்டின் நடுவுக்குப் போய், மறுபடி ஓரத்துக்கு வந்தது. எதிரில் வந்த பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

"ஏங்க, பாத்து ஓட்டுங்க!" சொன்ன பிறகுதான் பேசக்கூடாது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "அண்ணன் எறங்கிட்டாரா?" என்று குழறலாகக் கேட்டான். "பேயாண்டி அண்ணே, எறங்கிட்டீங்களா?"

அவன் தலை ஸ்டியரிங் மேல் சாய்ந்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கியது. அவள் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி குலுங்கி, காய்ந்த சோளத்தட்டைக்குள் நாலு முழம் போய் நின்றது.

"ஏய்யா! ஏய்யா, என்னைப் பாருய்யா!"

கண் பாதி திறந்திருந்தது. உதடு அசைந்தது. உடம்பு ஈரத்துணி போல் குளிர்ந்திருந்தது. அவள் ஓடிப்போய் ரோட்டில் நின்று கையை ஆட்டினாள். ஒரு கார் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு பைக்காரன் நின்றான். "காலையிலயே போட்டுட்டானா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் கிளம்பிவிட்டான். அவள் திரும்பி வண்டிக்கு ஓடினாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தூக்குச்சட்டியைத் திறந்து மீதமிருந்த பயறை அள்ளி அவன் வாயில் வைத்தாள். "தின்னுங்க, தெம்பு வரும். தின்னுங்க." பயறு அவன் மோவாயில் வழிந்து மடியில் விழுந்தது.

அப்போதுதான் 108-ஐ அழைக்க வேண்டும் என்று தோன்றியது. போனில் பேசிய பெண் நிதானமாகக் கேட்டாள். "சுகர் உள்ளவரா? இன்சுலின் போட்டாரா? சாப்பிட்டாரா?"

"பயறு சாப்பிட்டாரு. கொஞ்சம்."

"வேர்க்குதா? குழறுறாரா?"

"ஆமாம்மா, ஆமா!"

"அம்மா, சுகர் ரொம்ப இறங்கியிருக்கலாம். வண்டி அனுப்பியாச்சு. முழுங்குறாரான்னு பாருங்க. முழுங்குனா மட்டும், உடனே சீனியோ குளுக்கோஸோ தண்ணியில கரைச்சுக் கொஞ்சங்கொஞ்சமா குடுங்க. முழுங்கலைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க."

சீனி. அந்த வார்த்தையை ஜெயக்கொடி இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். சீனியா? அவருக்கா? பிறகு ஓடினாள்.

தூரத்தில் ஒரு டீக்கடை தெரிந்தது. செருப்பு எங்கோ கழன்றது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பதற்குள் பாய்லர் பக்கத்தில் இருந்த சீனி டப்பாவை எடுத்துக்கொண்டாள். "ஏம்மா, ஏம்மா!" என்று அவர் கத்தினார். "என் புருசன் சாகுறாருண்ணே!" என்று திரும்பாமலேயே கத்திவிட்டு ஓடினாள். கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரோடு பின்னால் ஓடி வந்தார்.

அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரை உதட்டில் விட்டாள். தொண்டை அசைந்தது. முழுங்கினான். சொம்பில் சீனியை அள்ளிக் கொட்டிக் கையாலேயே கலக்கி, உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி ஊட்டினாள். அழுகையில் அவளுக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியவில்லை. இத்தனை நாளும் எந்தக் கையால் அதை அவனிடமிருந்து பறித்தாளோ, அதே கையால் அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நான்தான் கொன்னேன். பட்டினி போட்டு நான்தான் கொன்னேன்" என்று அவள் புலம்புவதை டீக்கடைக்காரர் சொம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது அழகுபாண்டி கண்ணைத் திறந்து, "ஏன் புள்ள அழுவுற?" என்றான்.

இத்தனை மாதங்களில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழ்வாணி முதலில் கோபப்பட்டார். "நான் ஒரு கரண்டி சோறு வைக்கச் சொன்னேன்ல? ஏம்மா சுத்தமா நிறுத்துனே? சாப்பாடு மாறுனதை ஏன் வந்து சொல்லலை?"

ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து நின்றாள். "பயமா இருந்துச்சும்மா. கால் கறுத்துக்கிட்டே வந்துச்சு. எதையாச்சும் செய்யணும்னு இருந்துச்சு. எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியாது."

டாக்டரின் குரல் தணிந்தது. "அவர் பரோட்டா தின்ன நாள்ல கூட்டுன மருந்து அது. நீங்க சாப்பாட்டை மாத்துனதும் சீனி மளமளன்னு இறங்கியிருக்கு. மருந்தைக் குறைச்சிருக்கணும். சாப்பாடு மாறுனா மருந்தும் மாறணும்னு மொத நாளே நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

"அப்ப பயறு..."

"பயறு நல்லதுதான் செஞ்சிருக்கு. இதைப் பாருங்க." கட்டைப் பிரித்தார். நடுவில் ரோஜா நிறத்தில் புதுச் சதை வந்திருந்தது. ஆனால் பக்கத்து விரல் கறுத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இதைக் காப்பாத்த முடியாது. பாதத்தைக் காப்பாத்தலாம்னு நம்புறேன்" என்றார்.

அந்த வாரமே இரண்டாவது விரலையும் எடுத்தார்கள். அறுவை அறைக்கு வெளியே ரோகிணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயக்கொடிக்குத் தலை சுற்றியது. எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்த நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் சுகர் இருக்கும்மா. நல்லாவே ஏறியிருக்கு. தெரியாதா?" என்றாள்.

"எனக்கா?" என்றாள் ஜெயக்கொடி. "நான் என்னத்தத் திங்கிறேன்?"

"என்ன சாப்பிடுவீங்க?"

அவள் யோசித்தாள். பயறை ஊறப்போட்டதும், அவித்ததும், தாளித்ததும், கிண்ணத்தில் எடுத்து வைத்ததும் எல்லாம் அவனுக்கு. ஒரு நாள் கூடத் தனக்கென்று அதில் ஒரு கரண்டி எடுத்ததில்லை. முதலில் அவனுக்கு வைக்காமல் ஒதுக்கிய சோற்றைத் தின்றாள். அரிசியைக் கொடுத்த பிறகு, அவன் கண்ணில் படாமல் அடுப்படியில் ரவையைக் கிண்டியும், கடையில் பன் வாங்கி டீயில் தொட்டும் வயிற்றை நிரப்பினாள். ரோகிணி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பாதம் தப்பியது. ஆறுவதற்கு ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது. அதுவரை வண்டியை வேறொருவன் ஓட்டினான். ஊசி அளவு பாதிக்கும் கீழே குறைந்தது. சோற்றுக்கரண்டி திரும்பி வந்தது, ஆளுக்கு ஒன்று. சாப்பாட்டில் ஏதாவது மாற்றினால் ரோகிணி மூலமாக டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றினார்கள்.

ஜெயக்கொடியின் பயம் முழுசாகப் போகவில்லை. அவன் கொஞ்சம் வேர்த்தாலும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். குளிக்கும்போது அதிக நேரம் சத்தம் வராவிட்டால் கதவைத் தட்டுவாள். அவன் எரிச்சல்படுவான்.

ஒருநாள் மத்தியானம் தட்டப்பயறுக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்து, அவனுக்கு எடுத்து வைத்துவிட்டு எழப் போனாள்.

"எங்க போற?"

"அடுப்படிக்கு."

"ஒன் தட்டை எடுத்துட்டு வா."

"பெறகு திங்கிறேன். நீங்க மொத..."

"ஏ புள்ள, ஒன் சீனி என்னையவிட ஏறிக் கெடக்காம். நேத்து ரோகிணி சொன்னா. தட்டை எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வா."

எடுத்து வந்தாள். அழகுபாண்டி குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அடியில் இருந்து பயறாகப் பார்த்துக் கோரி அவள் தட்டில் வைத்தான். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. போதும் என்று அவள் கையை நீட்டி மறித்தாள். அவன் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி வைத்தான்.